சொந்தப் பொறுப்பில் ஒருவர்

அந்தத் தெருவில் அவளை ஆஜரக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவளைவிட மூத்தவர்களும் அக்கா என்றே சொன்னார்கள். அது உறவு அல்ல, உத்தியோகம். சண்டை தொடங்குவதற்கு முன்னால் தெருவில் பாதிப் பேருக்கு அவள் குரல் எப்படி இருக்கும் என்றே தெரியாது. ஏதாவது கேட்டால் தலையை ஆட்டுவாள். ரொம்பக் கேட்டால் உள்ளே போய்விடுவாள்.

முன்னறையில் ஜன்னலோரமாக ஒரு தையல் மெஷின். சண்டைக்காலத்தில் புதுத் துணி கண்ணில் படுவதில்லை என்பதால், காலர் நைந்த சட்டைகள் அவளிடம் வந்து குவிந்தன. காலரைப் பிரித்து, நைந்த பக்கத்தை உள்ளே திருப்பி மறுபடி வைத்துத் தைத்துக் கொடுப்பாள். ஒரு சட்டைக்கு இன்னும் இரண்டு வருஷம் ஆயுள் கூடும். யாருடைய கழுத்து இளைத்திருக்கிறது, யார் சட்டையைப் பெண்டாட்டி துவைப்பதை நிறுத்திவிட்டாள் என்பதெல்லாம் காலர்களே அவளுக்குச் சொல்லிவிடும். அவள் யாரிடமும் சொன்னதில்லை.

விமானங்கள் மத்தியானத்தில்தான் வந்தன. சூரியன் நடுவானில் நிற்கும்போது குண்டு போடுகிறவர்களுக்கு வசதி என்று சொன்னார்கள். அபாயச் சங்கு ஊதியதும் ஒவ்வொரு தெருவும் தன் தன் குழிக்குள் இறங்கவேண்டும். இந்தத் தெருவுக்குக் குழி என்பது பழைய தானியக் கிடங்கின் அடித்தளம். உள்ளே இறங்கியதும் யார் யார் வந்திருக்கிறார்கள் என்று ஒருவர் பட்டியல் எடுக்கவேண்டும். வார்டு ஆபீசிலிருந்து கிளார்க் வந்து, எந்நேரமும் வீட்டில் இருக்கிற, புரிகிற மாதிரி எழுதுகிற ஆள் யார் என்று கேட்டபோது முட்டைக்காரம்மாதான் இவளைக் கை காட்டினாள்.

"அவளுக்குப் பேசத்தான் வராது. எழுத்து முத்து முத்தா இருக்கும். ஏழாவதோட நிறுத்திட்டாங்க, இல்லன்னா இந்நேரம் உன் நாற்காலியில உக்காந்திருப்பா."

கிளார்க் சிரித்துவிட்டுப் பட்டியலைக் கொடுத்துப் போனான். நாற்பத்தோரு பேர். பெயரைக் கூப்பிட்டால் 'ஆஜர்' என்று பதில் வரவேண்டும். முதல் நாள் அவள் கூப்பிட்டது முன்வரிசைக்கே கேட்கவில்லை. "அக்கா, குண்டு விழற சத்தமே தேவலை, கொஞ்சம் கேட்டுச்சு" என்றான் ரொட்டிக்கடைக்காரன். ஒரு மாதத்தில் குரல் வந்துவிட்டது. பட்டியலைக் கையில் பிடித்திருக்கும்வரை வரும். கீழே வைத்தால் போய்விடும்.

சங்கு அடங்கியதும் சீட்டு எழுதி வார்டு ஆபீசில் கொடுக்கவேண்டும். ஆஜர் இத்தனை பேர், வேறிடத்தில் இருப்பது இத்தனை பேர், தெரியாதது இத்தனை பேர். குழிக்கு வரமாட்டேன் என்று அடம்பிடிக்கிறவர்களுக்காகப் பின்னால் இன்னொரு கட்டமும் சேர்த்தார்கள்: சொந்தப் பொறுப்பில் வீட்டில் இருப்பவர்கள். சீட்டுகளையெல்லாம் ஒரு கம்பியில் குத்தி வைப்பார்கள். மீட்புக்குழு மேஸ்திரி அதைப் பார்த்துத்தான் ஆட்களை அனுப்புவார். இடிந்த இடத்தில் எத்தனை பேர் என்று சீட்டு சொல்கிறதோ அத்தனை பேர் கிடைத்ததும் கடப்பாரையும் மண்வெட்டியும் அடுத்த இடத்துக்குப் போய்விடும். இருந்தது பன்னிரண்டு ஆட்கள். ஊர் முழுவதற்கும் அவ்வளவுதான்.

அவளுடைய வீட்டுக்காரர் பம்பு ஹவுஸில் மெக்கானிக். ஊருக்குத் தண்ணீர் ஏற்றும் இன்ஜினைப் பழக்கியவர் அவர் ஒருவர்தான் என்பதால் பட்டாளத்துக்குக் கூப்பிடவில்லை. பன்னிரண்டிலிருந்து இரண்டு மணிவரை இன்ஜினுக்கு ஓய்வு. அவருக்கும் ஓய்வு. சாப்பிட வீட்டுக்குப் போயிருக்கிறார் என்று பம்பு ஹவுஸ் சீட்டில் எழுதிவிடுவார்கள். ஆகவே அந்த இரண்டு மணிநேரத்துக்கு அவர் இவள் பட்டியலைச் சேர்ந்தவர். ஒரே மகள் வேறு ஊரில் நர்ஸாக இருந்தாள்.

சண்டையின் இரண்டாம் வருஷம் ஒருநாள் சங்கு ஊதியபோது அவர் வீட்டுக்கு வந்து சேரவில்லை. நேர்மையாகத் 'தெரியவில்லை' என்று எழுதினாள். அரைமணி நேரத்தில் மீட்புக்குழு ஆட்கள் நாலு பேர் கடப்பாரையோடு வாசலில் வந்து நின்றார்கள். வீடு கல்லு மாதிரி நிற்கிறது. எங்கே தோண்டுவது என்று அவர்கள் கேட்க, இவள் கையைப் பிசைய, எதிர்ப்பக்கத்திலிருந்து வீட்டுக்காரர் சாவகாசமாக நடந்து வந்தார்.

"என்னம்மா, என்னை உயிரோட புதைக்கப் பாக்கறியா?"

தெருவே சிரித்தது. ஒரு வால்வு பார்க்கப் போயிருந்ததாக அவர் சொன்னார். மறுவாரமும் வால்வு. அதற்கு மறுவாரமும். இனி 'தெரியவில்லை' என்று எழுதினால் ஊர் வேறு மாதிரி சிரிக்கும் என்று அவளுக்குப் புரிந்தது. அவர் பெயருக்கு நேராக 'ஆஜர்' என்று எழுதிவிட்டாள்.

அது சுலபமாகவும் இருந்தது. கிடங்கின் அடித்தளம் இரண்டு பாகம். ஆண்கள் அந்தப் பக்கம், பெண்கள் இந்தப் பக்கம், நடுவில் குனிந்து போகிற ஒரு வழி. இருட்டு. ஆண்கள், அவர் மனைவியோடு பெண்கள் பக்கம் இருக்கிறார் என்று நினைத்துக்கொள்ளலாம். பெண்கள் அவர் ஆண்களோடு இருக்கிறார் என்று நினைத்துக்கொள்ளலாம். சொந்தப் புருஷன் பெயரை அவள் கூப்பிடாமல் தாண்டிப் போவதை யாரும் பெரிதாக எடுக்கவில்லை. புருஷன் இருக்கிறானா என்பதை அவள் கூப்பிட்டா தெரிந்துகொள்ளவேண்டும்?

முதலில் வந்தது மூக்குக்கண்ணாடி. என் கண் கழுகுக் கண் என்று இருபது வருஷமாகப் பீற்றிக்கொண்டிருந்த மனுஷன் ஒருநாள் படிக்கிற கண்ணாடி போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தார். வீட்டில் படிக்க என்ன இருக்கிறது? தீப்பெட்டியைக்கூடத் திருப்பித் திருப்பிப் படித்தார். அவள் ஒன்றும் கேட்கவில்லை.

பிறகு சீட்டுகள். ஆபீசில் தன் சீட்டைக் கம்பியில் குத்தும்போது மேலே இருக்கிற சீட்டைப் படித்துவிடுவது அவள் பழக்கம். ஊரின் மூக்குக்கண்ணாடிக்கடை இருக்கிற தெருவுக்குப் பட்டியல் எடுத்தவர் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். எழுத்து பஸ் ஓடும்போது எழுதியது மாதிரியே இருக்கும். அவர் சீட்டில் 'வெளியாள் ஒருவர்' என்று ஒரு வரி வர ஆரம்பித்தது. வீட்டுக்காரர் வராத நாளில் எல்லாம் அந்த வரி இருந்தது. வந்த நாளில் இல்லை. இரண்டு மாதத்துக்குப் பிறகு அந்த வரி ஒரேயடியாக நின்றுபோனது. அதற்குப் பதிலாகப் புது வரி: 'சொந்தப் பொறுப்பில் ஒருவர், கண்ணாடிக்கடை.'

குழிக்குள் சேர்ந்து வந்தால் நாலு பேர் பார்க்கிறார்கள், அதனால் கடைக்குள்ளேயே இருந்துவிடுகிறார்கள் என்று அவள் புரிந்துகொண்டாள். அந்த ஒருவர் உண்மையில் இரண்டு பேர் என்பது ஊரில் தனக்கு மட்டும்தான் தெரியும் என்றும் நினைத்தாள்.

ஒரு தடவை கண்ணாடிக்கடைக்குப் போனாள். ஊசியில் நூல் கோர்க்கச் சிரமமாக இருக்கிறது என்று மனசுக்குள் ஒரு காரணத்தைத் தயார்செய்து வைத்திருந்தாள். கடைக்காரிக்கு இவளைவிட நாலைந்து வயது கூட இருக்கும். ஒல்லி. எலும்பு தெரிகிற மணிக்கட்டு. தடித்த கண்ணாடிக்குப் பின்னால் பெரிதாகத் தெரிகிற கண்கள். புருஷன் சண்டைக்கு முன்னாலேயே கடல் கடந்து வேலைக்குப் போனவன், கடுதாசி போடுவதை நிறுத்தி ஆறு வருஷம். இவள் அழகான ஒருத்தியை எதிர்பார்த்துத்தான் போயிருந்தாள். அழகாக இருந்திருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"அந்தப் பலகையில கடைசி வரிசை தெரியுதாங்க?"

தெரிந்தது. படித்துக் காட்டினாள். அதற்கும் கீழே அச்சகத்தின் பெயர் பொடி எழுத்தில் இருந்தது. அதையும் படித்தாள்.

கடைக்காரி சிரித்தாள். "உங்களுக்குக் கண்ணாடி வேணாங்க. நூலோட நுனியைச் சாய்வா வெட்டிட்டுக் கோத்துப் பாருங்க."

யார் என்று தெரிந்துதான் பேசினாளா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. வீட்டுக்கு வந்து நூலைச் சாய்வாக வெட்டினாள். ஒரே தடவையில் நுழைந்தது. அதுதான் அவளுக்கு அன்றைக்கு ரொம்பக் கோபம் வந்த நேரம்.

இப்படி ஒன்றரை வருஷம் ஓடியது. மத்தியானம் வீட்டுக்காரர் வந்தால் சாப்பாடு போட்டாள். வராவிட்டால் மூடி வைத்தாள். சங்கு ஊதினால் 'ஆஜர்' என்று எழுதினாள். ராத்திரி அவர் வந்து இன்ஜின் சத்தத்தைப் பற்றியோ, ஆயில் கிடைக்காததைப் பற்றியோ பேசுவார். கேட்டுக்கொள்வாள். அவர் கெட்ட மனுஷன் இல்லை. அடித்ததில்லை, திட்டியதில்லை. இவளிடம் பேச அவருக்கு ஒன்றும் இல்லை, அவ்வளவுதான். இவளுக்கும் அப்படி ஒன்றும் இருக்கவில்லை என்பதை அவள் ஒத்துக்கொள்வாள்.

அந்த நாள் பன்னிரண்டே காலுக்குச் சங்கு ஊதியது. அவர் வீட்டுக்கு வரவில்லை. குழிக்குள் உட்கார்ந்து, சங்கு அடங்குவதற்கு முன்பே, கையே தானாக எழுதுகிற மாதிரி சீட்டை எழுதி முடித்துவிட்டாள். ஆஜர் முப்பத்தெட்டு. வேறிடம் மூன்று. தெரியாதது இல்லை. மேலே தரை இரண்டு தடவை குலுங்கியது. கூரையிலிருந்து மண் கொட்டி சீட்டின் மேல் விழுந்தது. ஊதிவிட்டு மடித்துக்கொண்டாள்.

ஆபீசில் சீட்டைக் கொடுத்தபோது கிளார்க் வெளிறிப்போய் நின்றான்.

"கண்ணாடிக்கடை வரிசை மொத்தமும் விழுந்துடுச்சுக்கா. அச்சாபீசும் போச்சு, அங்க நாலு பேரு உள்ள. கண்ணாடிக்கடையில ஒண்ணு."

கம்பியில் கண்டக்டர் சீட்டு மேலேயே இருந்தது. சொந்தப் பொறுப்பில் ஒருவர்.

அவள் வெளியே வந்தாள். பம்பு ஹவுஸ் இடது பக்கம், பத்து நிமிஷ நடை. அவர் ஒருவேளை இன்று அங்கேயே இருந்திருக்கலாம். போய்ப் பார்த்துவிட்டு வந்தால் யாருக்கும் ஒன்றும் சொல்லவேண்டியதில்லை. இருபது நிமிஷம் போகும், அவ்வளவுதான். முனையில் அவள் நின்றது அரை நிமிஷம்கூட இருக்காது. பிற்பாடு அந்த அரை நிமிஷத்தைத்தான் அதிகம் நினைத்துக்கொள்வாள். வலது பக்கம் நடந்தாள். பிறகு ஓடினாள்.

தெரு முழுக்கச் செங்கல்லும் சகதியும். விழுந்த வீடுகளில் எல்லாம் குழாய் உடைந்து தண்ணீர் பீச்சிக்கொண்டிருந்தது. கண்ணாடிக்கடைக்காரியை அப்போதுதான் முன்பக்கத்திலிருந்து எடுத்திருந்தார்கள். நினைவில்லை. ஸ்ட்ரெச்சரில் வைத்துத் தூக்கிக்கொண்டு போனார்கள். கண்ணாடி இல்லாத முகம் வேறு யாருடையதோ மாதிரி இருந்தது. மேஸ்திரி சீட்டைப் பார்த்து, "ஒண்ணு. சரியா போச்சு. எல்லாரும் அச்சாபீசுக்கு வாங்கடா" என்றார். ஆட்கள் கடப்பாரைகளைத் தூக்கித் தோளில் வைத்தார்கள்.

அவள் வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது. மேஸ்திரியின் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்தாள். அவள் காலர் திருப்பிக் கொடுத்த சட்டைதான்.

"என்னக்கா?"

"இன்னொருத்தர் இருக்காரு."

"எங்க?"

"இங்கதான். உள்ள."

கண்டக்டர் பக்கத்தில் நின்றிருந்தார். அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. "ஒண்ணுதாம்மா. நான் எழுதின சீட்டு. ஒன்றரை வருஷமா இந்தக் கடைக்கு ஒண்ணுதான்."

"ஒன்றரை வருஷமா ரெண்டுங்கண்ணே."

"ரெண்டாவது யாரு?"

தெருவில் இருபது முப்பது பேர் நின்றுகொண்டிருந்தார்கள். முட்டைக்காரம்மா வந்திருந்தாள். ரொட்டிக்கடைக்காரன் வந்திருந்தான். தன் கையில் பட்டியல் இல்லை என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

"எங்க வீட்டுக்காரர்."

மேஸ்திரி கையிலிருந்த சீட்டுகளைப் புரட்டி ஒன்றை எடுத்தார். "அக்கா, இது உங்க சீட்டு. உங்க கையெழுத்து. இதுல அவர் ஆஜர்."

"அது பொய். நான் எழுதின பொய். அவர் வராத நாளெல்லாம் அப்படித்தான் எழுதினேன்."

யாரோ உச்சுக்கொட்டினார்கள். சிரிப்பு ஒன்றும் வரவில்லை.

"பாருங்கக்கா," மேஸ்திரி குரலைத் தாழ்த்தினார், "அச்சாபீசுல நாலு பேரு உள்ள கிடக்கறாங்க, அது நிச்சயம். இங்க இருக்கறது உங்களுக்கு நிச்சயமா, இல்ல சந்தேகமா? சந்தேகத்துக்கெல்லாம் என்னால ஆள் விடமுடியாது."

அவள் இடிபாட்டைப் பார்த்தாள். அச்சாபீஸ் பக்கம் தண்ணீர் பீச்சியது. இந்தப் பக்கத்து வீட்டிலும் பீச்சியது. நடுவில் கண்ணாடிக்கடை மட்டும் காய்ந்து கிடந்தது.

"இந்த வீட்டுல தண்ணி வரல, பாருங்க" என்றாள். "அவர்தான் மூடியிருக்காரு. சங்கு ஊதினா எந்த வீட்டுல இருந்தாலும் மொதல்ல மெயின் வால்வை மூடப் போவாரு. பம்பு ஹவுஸ்ல அப்படித்தான் பழக்கம். குழாய் உடைஞ்சா அடியில மாட்டினவங்க தண்ணியில போயிடுவாங்கன்னு சொல்லுவாரு. அதை விட்டுட்டு ஓடமாட்டாரு. வால்வு எங்க இருக்கோ அங்க தோண்டுங்க."

அவ்வளவு நீளமாக அவள் பேசி யாரும் கேட்டதில்லை. மேஸ்திரி காய்ந்த செங்கல்லைப் பார்த்தார். அப்புறம் கண்டக்டரைப் பார்த்தார்.

"வால்வு எங்கண்ணே?"

"பின்கட்டுல. குளிக்கற ரூமுக்கு வெளிய, சுவரோரம்."

"நாலு பேரு இங்க நில்லுங்க. மத்தவங்க என்கூட வாங்க. பின்பக்கமா போய்த் தோண்டுங்கடா, மேல ஏறாதீங்க."

ஐம்பது நிமிஷம் ஆனது. அவள் நின்ற இடத்திலேயே நின்றாள். யாரும் பக்கத்தில் வரவில்லை. ரொட்டிக்கடைக்காரன் எங்கிருந்தோ ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்து அவள் பக்கத்தில் வைத்துவிட்டு, முகத்தைப் பார்க்காமல் போய்விட்டான். அவள் உட்காரவில்லை.

சுவரும் சுவரும் சாய்ந்து முட்டிய சந்தில் அவர் கிடந்தார். இடது கால் தொடைக்குக் கீழே நசுங்கியிருந்தது. மற்றபடி உயிர் இருந்தது. வெளியே இழுத்தபோது முகமெல்லாம் சுண்ணாம்பு. கண்ணைத் திறந்து முதலில் பார்த்தது மனைவியைத்தான்.

"நீ எதுக்கு இங்க வந்த?" என்றார்.

மேஸ்திரி அவர் தோளைப் பிடித்துக்கொண்டே, "ஆஜர் எடுக்க வந்தாங்க. பேசாம படுங்க" என்றார்.

அச்சாபீசில் நாலு பேரில் மூன்று பேரை உயிரோடு எடுத்தார்கள். நாலாவது ஆள் குண்டு விழுந்தபோதே போயிருப்பார் என்று டாக்டர் சொன்னார். டாக்டர் அதைச் சொல்லும்வரை இரண்டு நாள் அவள் சாப்பிடவில்லை. இங்கே நிறுத்திய நாலு ஆட்கள் அங்கே இருந்திருந்தால் என்ற கணக்கு ஓடிக்கொண்டே இருந்தது.

ஆஸ்பத்திரியில் வீட்டுக்காரர் ஆண்கள் வார்டிலும் கண்ணாடிக்கடைக்காரி பெண்கள் வார்டிலும் இருந்தார்கள். கடைக்காரிக்கு நினைவு திரும்பிவிட்டது, ஒரு காது போய்விட்டது என்று வார்டு நர்ஸ் சொன்னாள். அவள் அந்த வார்டுப் பக்கம் போகவில்லை. வீட்டுக்காரரின் காலில் கட்டு போட்டிருந்தார்கள். முறிந்த எலும்பு கூடும், நடை கொஞ்சம் சாயும் என்றார்கள். மூன்றாம் நாள்தான் அவர் பேசினார்.

"உனக்கு எப்பத்திலேருந்து தெரியும்?"

"நீங்க கண்ணாடி போட ஆரம்பிச்சதிலேருந்து."

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

"கேட்டா நீங்க பதில் சொல்லிடுவீங்களே."

மகளுக்குக் கடுதாசி எழுதினாள். அப்பாவுக்குக் கால் முறிவு, குண்டு விழுந்த அன்றைக்கு வால்வை மூடப் போனபோது பட்டது, இப்போது தேவலை. திருப்பிப் படித்துப் பார்த்தாள். அதில் பொய் ஒன்றும் இல்லை.

வார்டு ஆபீசில் விசாரணை வைத்தார்கள். பட்டியலில் பொய் எழுதுவது சண்டைக்காலச் சட்டப்படி குற்றம். மேஜைக்குப் பின்னால் மூன்று பேர். ஏன் எழுதினாய் என்று கேட்டார்கள். வெட்கமாக இருந்தது, அதனால் எழுதினேன் என்றாள். நடுவில் இருந்தவர் பேனாவை மூடித் திறந்து மூடினார். அப்புறம் தெருக்காரர்களைக் கூப்பிட்டார்கள், அவர் குழியில் இல்லாதது உங்களில் யாருக்குமே தெரியாதா என்று. முட்டைக்காரம்மா எழுந்து நின்றாள்.

"தெரியாம என்னய்யா? எல்லாருக்கும் தெரியும். ஆம்பளைங்க பக்கத்துல அந்த மனுஷன் இல்லன்னு ஆம்பளைங்களுக்குத் தெரியும். எங்க பக்கத்துல இல்லன்னு எங்களுக்குத் தெரியும். நாங்க என்ன சாப்பாட்டை மூக்கால சாப்பிடறோமா?"

"அப்ப ஏன் சொல்லல?"

"பாவம், அவ மறைக்கறா. அவ மானம் போயிடக்கூடாதுன்னு நாங்க எல்லாம் வாயைப் பொத்திக்கிட்டு இருந்தோம்." அவள் குரல் சட்டென்று இறங்கியது. "குண்டு விழுந்த அன்னிக்கும் பொத்திக்கிட்டுத்தான் நின்னேன். அதான் எனக்கு இன்னிவரைக்கும் தூக்கம் வரல."

ஆஜரக்கா திரும்பி அவளைப் பார்த்தாள். ஒன்றரை வருஷமாகத் தெருவிடம் மறைத்தோம் என்று அவள் நினைத்துக்கொண்டிருக்க, தெரு அவளிடம் மறைத்திருக்கிறது. நாற்பது பேரும் காதும் காதும் வைத்த மாதிரி ஒரு பொய்யைக் காப்பாற்றியிருக்கிறார்கள். இன்னொரு ஐம்பது நிமிஷம் காப்பாற்றியிருந்தால் அவர் செத்திருப்பார்.

விசாரணைக்காரர்கள் மற்றத் தெருப் பட்டியல்களையும் பார்க்கப்போக, ஊர் முழுவதும் இப்படிப் பதினேழு ஆஜர்கள் கிளம்பின. சீட்டாடப் போனவர்கள், பட்டாளத்துக்குத் தப்பிப் பரண்மேல் இருந்தவன், பேச்சுவார்த்தை இல்லாத தம்பி வீட்டுக்கு ரகசியமாகப் போய் வந்த அண்ணன் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம். பதினேழு பேர்மேலும் வழக்குப் போட்டால் பட்டியல் எடுக்க ஆளே இருக்காது. கடைசியில் ஒரு சுற்றறிக்கை வந்தது. இனிமேல் இடம் மட்டும் சொன்னால் போதும், காரணம் கேட்கப்படாது. பட்டியலை அவளிடமிருந்து ஒரு மாதம் வாங்கி வைத்திருந்து, பிறகு கிளார்க்கே கொண்டுவந்து கொடுத்தான். இடையில் எழுதியவனின் கையெழுத்தை மேஸ்திரியால் படிக்கமுடியவில்லையாம்.

வீட்டுக்காரரை ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பும் நாள் வந்தது. கண்ணாடிக்கடைக்காரி அதற்கு முன்பே போய்விட்டிருந்தாள். கடையும் இல்லை, வீடும் இல்லை. அக்காள் யாரோ வேறு ஊரிலிருந்து வந்து கூட்டிப்போனதாகச் சொன்னார்கள். போகும் முன் ஆண்கள் வார்டு வாசல்வரை வந்து நின்று பார்த்துவிட்டுத் திரும்பினாளாம். அதை இவளிடம் சொன்னது நர்ஸ். கேட்காமலே சொன்னாள்.

"நான் எங்க போறது?" என்று வீட்டுக்காரர் கேட்டார். ஊன்றுகோல் மடியில் கிடந்தது.

"வாங்கன்னு நான் சொல்லல. வராதீங்கன்னும் சொல்லல. எந்தப் பட்டியல்ல உங்க பேரு இருக்கணும்னு நீங்க சொல்லுங்க."

அவர் ஊன்றுகோலை எடுத்துத் தரையில் ஊன்றினார். அப்புறம் பம்பு ஹவுஸ் என்றார். அங்கே இன்ஜினுக்குப் பக்கத்தில் ஒரு அறை உண்டு. தன் பட்டியலில் அவர் பெயரின்மேல் கோடு போட்டுவிட்டு, மாற்றச் சீட்டை அவளே எழுதிக் கொடுத்தாள். வீட்டில் ஒரு ஆளுக்குச் சாப்பாடு செய்வது எப்படி என்று கைக்குப் பிடிபட இரண்டு வாரம் ஆனது. அதுவரை மிச்சத்தை முட்டைக்காரம்மா வீட்டுக்குக் கொடுத்தனுப்பினாள். இரண்டு பேரும் இப்போது கொஞ்சம் பேசிக்கொண்டார்கள்.

எட்டு மாதம் கழித்து ஒரு மத்தியானம், பன்னிரண்டு மணி தாண்டியதும், ஜன்னலுக்கு வெளியே ஊன்றுகோல் சத்தம் கேட்டது. வீட்டுக்காரர் வாசலில் நின்றார். இளைத்திருந்தார். காலர் நைந்திருந்தது. கண்ணாடி போட்டிருக்கவில்லை.

"உள்ள வாங்க" என்றாள்.

வந்து உட்கார்ந்தார். மெஷின் ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு காலர் முடிந்து அடுத்தது ஆரம்பித்தபோது பேசினார்.

"என் பேரை மறுபடி இந்தத் தெருவுல எழுதிக்கறியா?"

அவள் நூலைக் கடித்து அறுத்தாள். "மத்தியானம் எங்க இருப்பீங்க?"

"இங்கதான்."

"அப்ப இருங்க. எழுதறது அப்புறம்."

அவர் தலையாட்டினார். அவள் எழுந்துபோய் அவருக்கும் தட்டு வைத்தாள். அன்று சங்கு ஊதவில்லை. இரண்டு மணிக்கு அவர் எழுந்து போனார். மறுநாளும் வந்தார். நடுவில் ஒருநாள் வரவில்லை. இன்ஜினில் பெல்ட் அறுந்துவிட்டது என்று ஆள் அனுப்பியிருந்தார். அவள் சட்டை கொடுக்கப் போகிற சாக்கில் பம்பு ஹவுஸ் பக்கம் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். பெல்ட் அறுந்துதான் இருந்தது.

இரண்டு மாதம் கழித்து, பட்டியலின் அடியில் நாற்பத்தோராவது ஆளாக அவர் பெயரைச் சேர்த்தாள். மற்றவர்கள் பெயரெல்லாம் பேனாவால் எழுதியது. இதைப் பென்சிலால் எழுதினாள்.